நிலாப் பாட்டும் அட்டைப் பாட்டும்

வயதானால் மனம் கனிந்துவிடும், பழையதை எல்லாம் மன்னித்துவிடலாம் என்று நம் வயதுக்காரர்கள் நீங்கள் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறீர்கள். எனக்குக் கனியவில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, பல் போய்விட்டது, சர்க்கரை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சங்கீத மாஸ்டர் மேல் உள்ள கோபம் மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது. அதை யாரும் தணிக்க வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

நீங்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்தான். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது பாடத் தொடங்குவீர்கள், நானும் சேர்ந்துகொள்வேன், விஷயம் அங்கேயே நின்றுவிடும். மதராசில் எடுத்த படம். பேச்சு கொஞ்சம், பாட்டு அதிகம். பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி கச்சேரி பாடும் ஏழை ஒருவனை விரும்புவாள். அவளுடைய அப்பா அவனைத் துரத்திவிடுவார். அவன் சம்பாதித்துக்கொண்டு வருகிறேன் என்று கப்பலேறி சிலோனுக்கு வருவான். வந்து சேருமிடம் நம்முடைய தேயிலை மலை.

ஐம்பதுகளின் பின்பாதி அது. எங்கள் தோட்டம் வட்டவளை ஸ்டேஷனுக்கு மேலே இருந்தது. சம்பளம் போட்ட வாரம், ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டத்துக்கு அப்பா எங்களை ரயிலில் ஹட்டனுக்குக் கூட்டிப் போனார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். எந்தத் துரை விட்டுப்போன கோட்டோ, அப்பாவுக்கு முழங்கால் வரை வந்தது. கலரியில் பெஞ்சு. நனைந்த கம்பளி வாசம், சுருட்டுப் புகை, காலடியில் நொறுங்கும் கடலைத் தோல். மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பாட்டே கேட்காது. அன்று எங்கள் அதிர்ஷ்டம், மழை இல்லை.

நிலாப் பாட்டு இடைவேளைக்குச் சற்று முன்னால் வந்தது. மொட்டை மாடியில் அந்தப் பெண் நின்று, கடல் தாண்டிப் போனவன் சாப்பிட்டானா, போர்த்திக்கொள்ள ஏதாவது வைத்திருக்கிறானா என்று நிலாவைக் கேட்பாள். கலரி முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார், அம்மாவுக்குத் தங்கை இருந்தாள். அந்தப் பாட்டு எங்களுக்காகவே எழுதினது போல இருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பாட்டைப் பாடாமல் இனி இருக்க முடியாது என்று பெஞ்சிலேயே தெரிந்துவிட்டது.

பிறகு கதாநாயகன் மலையில் வந்து இறங்கினான். கம்பளி போர்த்திய ஒருவன் குடித்துவிட்டு அவன் காலில் விழுந்தான். கொழுந்துக்காரி ஒருத்தி இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டு வந்தாள். தனக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவளுக்குத் தெரியாது. கதாநாயகன் அவர்களுக்குக் குளிக்கச் சொல்லிக் கொடுத்தான். அதற்கு ஒரு பாட்டு. “அட்டை கடிச்சா வலிக்காது, அடிச்சாலும் உறைக்காது” என்று அவர்களே தங்களைப் பற்றிப் பாடி ஆடினார்கள். மெட்டு மிக நல்ல மெட்டு. கால் தானாகத் தாளம் போடும். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மோசமான மெட்டில் எங்களைப் பழித்திருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

கலரியில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்து, என் தொடையில் தட்டினார்.

“பாத்தியா, நம்மளயும் படத்துல காட்டிட்டான்” என்றார்.

அப்போது எனக்கு அப்பா மேல் வெறுப்பாக இருந்தது. இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. வோட்டு இல்லை, நாடு எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எந்த ஆபீசுக்குப் போனாலும் வெளியே நில் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத் திரையில் தன் கம்பளியைப் பார்த்ததே பெரிய மரியாதையாகத் தோன்றியிருக்க வேண்டும். அம்மா சிரிக்கவில்லை. குனிந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலில் சவுக்காரம் தடவிக்கொண்டுதான் மலைக்குப் போவாள், அப்படியும் அட்டை விடாது. அந்த வாரம் கடித்த இடம் வீங்கி, சீழ் கோத்திருந்தது.

தியேட்டர் வாசலில் ரோஸ் அட்டை போட்ட பாட்டுப் புத்தகம் விற்றார்கள். அப்பா வாங்கித் தந்தார். அந்தப் புத்தகம் பிற்பாடு ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் கூழாகிப் போனது, அதற்குள் எனக்கு எல்லாம் மனப்பாடம். அந்த வருஷம் முழுக்க லயத்தில் அந்தப் பாட்டுகள்தான். கல்யாண வீட்டு லவுட்ஸ்பீக்கரில், பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, அடுப்படியில். அட்டைப் பாட்டையும் நாங்களே பாடினோம். சின்னப் பிள்ளைகள் தலையைச் சொறிந்து ஆடிக் காட்டும், பெரியவர்கள் சிரிப்பார்கள். லயத்துக்குள் இருக்கும்வரை அது விளையாட்டு.

நான் சீசன் டிக்கெட்டில் ஹட்டனுக்குப் போய்ப் படித்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்துக்கு மேல் இல்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் கடைக்காரர் பிள்ளைகள், கிளாக்கர் பிள்ளைகள். படம் வந்த பிறகு நான் வகுப்புக்குள் போனால் பின் வரிசையில் யாராவது தலையைச் சொறிவார்கள். ஒருத்தி தொடங்கினால் பத்துப் பேர் சொறிவார்கள். பாட வேண்டிய அவசியமே இல்லை, எனக்கு மெட்டுக் கேட்டுவிடும்.

சங்கீத மாஸ்டர் அந்த வருஷம்தான் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். குளிர் ஒத்துக்கொள்ளாது, எப்போதும் கழுத்தில் மப்ளர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி வராந்தாவில் நிலாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று முழுக்கக் கேட்டார். இரண்டாவது சரணத்தில் நான் தவறவிட்ட ஒரு சின்ன வளைவைப் பாடிக் காட்டினார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு ரயில் வரும்வரை எனக்கு ஆர்மோனியத்தோடு பாடம். அவருக்கும் அந்தப் படம் என்றால் உயிர். நல்ல இடம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வார். என் காதைத் திறந்துவிட்டவர் அவர்தான். நன்றி இருக்கிறது. மன்னிப்பு இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

கலை விழா வந்தது. அந்தப் படத்தையே சுருக்கி மேடையில் போடுவது என்று மாஸ்டர் முடிவு செய்தார். நிலாப் பாட்டு எனக்குத்தான் என்று பள்ளிக்கூடமே சொன்னது. லயத்திலும் சொல்லிவிட்டேன். அம்மா எதிர்க் காம்பிராவில் குடியிருந்த பெரியம்மாவிடம் நல்ல சேலை ஒன்று கேட்டு வைத்திருந்தாள். ஒருநாள் மாஸ்டர் என்னையும் துணிக்கடை முதலாளி மகளையும் கூப்பிட்டார். சிவப்பாக, சுருள் முடியோடு, வாயைத் திறந்தால் கட்டைக் குரலில் பேசும் பிள்ளை அவள். மொட்டை மாடியில் அவள் நிற்பாள், நான் திரைக்குப் பின்னால் நின்று பாட வேண்டும், அவள் வாயை அசைப்பாள், சினிமாவிலும் இப்படித்தான் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுத் தலையைத் தடவினார்.

“உன்ர குரல் தங்கம், பிள்ளை. ஆனால் மேடைக்கு முகமும் வேணும்.”

முகம் வேண்டிய வேடமும் எனக்கு வைத்திருந்தார். கொழுந்துக்காரி. நிலாப் பாட்டு முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து, கூடையை மாட்டிக்கொண்டு அட்டைப் பாட்டுப் பாடி ஆட வேண்டும். அது தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் இயல்பாக வரும் என்றார். உண்மையாகவே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஒரு பாட்டுக்குப் பதிலாக இரண்டு பாட்டுக் கொடுத்திருக்கிறாரே.

அம்மாவின் கூடையையும் படங்கையும் கொண்டுவரச் சொன்னார். படங்கு என்றால் கொழுந்தெடுக்கும்போது செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்கு. மகள் மேடையேறப் போகிறாள் என்று அம்மா அதைப் பீலியில் போட்டுத் தேய்த்து, நீலம் போட்டு, அடுப்புக்கு மேல் கட்டி உலர்த்தித் தந்தாள். புகை வாசம்கூட இல்லை. கல்யாணச் சேலையை மடிப்பதுபோல மடித்துத் தந்தாள். மாஸ்டர் அதைப் பிரித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

“தோய்ச்சுக் கொண்டு வந்திட்டியோ? தோய்ச்சால் எடுபடாது. உண்மையா இருக்கோணும்.”

பள்ளிக்கூடத்துக் காவல்காரரைக் கூப்பிட்டு வாய்க்கால் சேற்றில் முக்கி எடுக்கச் சொன்னார். அது என் கண் முன்னால் நடந்தது. தலையைச் சொறியச் சொன்னபோது பொறுத்தேன், வெற்றிலைச் சாயம் பல்லில் பூசச் சொன்னபோதும் பொறுத்தேன். அந்தச் சேறு எனக்கு அடங்கவில்லை. வீட்டுக்குப் போகும் ரயிலில் அழவே இல்லை. ரோசெல்ல ஸ்டேஷன் தாண்டும்போது என்ன செய்யப் போகிறேன் என்பது தெரிந்துவிட்டது.

எதிர்க் காம்பிராப் பெரியம்மாதான் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் ஒப்பாரிக்காரி. சாவு வீட்டில் அவள் வாயெடுத்தால் கல்லும் கேட்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் வந்துவிட்டது. சினிமாப் பாட்டு எனக்கு இரண்டாவது சங்கீதம், முதலாவது அதுதான். அந்த மழைக்காலத்தில்தான் பழைய பெரிய கங்காணி இறந்துபோயிருந்தார். எங்கள் பழக்கப்படி அவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் அவளைத் தனியாக அழ விடக் கூடாது. கேட்ட பெண்கள் எழுந்து போய்த் தோளில் கை போட்டுச் சேர்ந்து அழ வேண்டும். பகையாளி வீடானாலும் சரி.

விழா ஒரு சனிக்கிழமைப் பகல். அப்பா வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கெஞ்சித் தோட்டத்து லொறியைக் கேட்டு வாங்கியிருந்தார். எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும் இருந்ததில் நல்ல சேலை கட்டி வந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் கடை முதலாளிமார். எங்கள் ஆட்களுக்குக் கடைசியில் பாய் விரித்திருந்தார்கள்.

நிலாப் பாட்டு வந்தபோது நான் திரைக்குப் பின்னால் நின்றேன். பாட்டு நின்றுபோனால் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி நிற்பாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தப் பாட்டைக் கெடுக்க மனம் வரவில்லை. அது என்ன பாவம் செய்தது? இரண்டாவது சரணத்து வளைவு உட்பட, என் வாழ்க்கையில் அதைவிட நன்றாகப் பாடியதில்லை. கைதட்டல் ஓய நேரமாயிற்று. தலைமை தாங்க வந்த பெரியவருக்கு உணர்ச்சி தாங்காமல், தனக்குப் போட்ட ரோஜா மாலையைக் கழற்றி மாஸ்டருக்குப் போட்டு, மேடை ஓரத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். மாஸ்டர் மாலையோடு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, காதில் இன்னும் ஒலித்த பாட்டை ரசித்துக்கொண்டிருந்தார். இது நான் திட்டம் போட்டது இல்லை. தெய்வம் செய்து கொடுத்த உதவி.

நான் சேற்றுப் படங்கோடு வெளியே வந்தேன். சபை சிரித்தது. ஆர்மோனியம் அட்டைப் பாட்டைத் தொடங்கியது. “அட்டை கடிச்சா” என்று எடுத்தேன், அங்கேயே நிறுத்தினேன். கூடையைக் கவிழ்த்தேன். முடியை அவிழ்த்துவிட்டு, மாஸ்டர் காலடியில் காலை நீட்டி உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தேன்.

“பாட்டெடுத்துத் தந்தவரே – ஐயா
பாதியில போனீகளே!
கழுத்தில் இட்ட மால – ஐயா
காயலையே வாடலையே!”

கடைசிப் பாயில் பெரியம்மா திடுக்கிட்டு எழுந்தாள். அங்கிருந்து அவளுக்குத் தெரிந்தது நாற்காலி, மாலை, மூடிய கண், சாய்ந்த தலை. என்ன நினைத்திருப்பாள் என்று நீங்களே சொல்லுங்கள். “ஐயோ, அந்தப் புண்ணியவாளன் போயிட்டாரே” என்று அவள் கை இரண்டையும் தூக்க, லயத்துப் பெண்கள் மொத்தமும் முதலாளிமார் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார்கள். மாஸ்டர் கண் திறந்து பார்த்தபோது அவரைச் சுற்றி இருபது பெண்கள் தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தார். அழுகை வேகத்தில் யாரோ அவர் முழங்காலைக் கட்டிப் பிடித்திருந்தார்கள்.

அம்மா மற்றவர்களைப் போல ஓடி வரவில்லை. மெதுவாக வந்தாள். மாஸ்டர் உயிரோடு இருப்பதை அவள் பார்த்தாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் இடுப்பில் இருந்த படங்கையும் பார்த்தாள். சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, அவரை நேராகப் பார்த்துக்கொண்டே அடுத்த அடியை எடுத்தாள்.

“வெளுத்து வெச்ச படங்கெடுத்து – ஐயா
சேத்துல தோச்சவரே!
கூலிக்கு அழ வந்தோமோ – ஐயா
கும்புட்டுப் போக வந்தோமே!”

அம்மா பாடி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பிறகு ஒரே களேபரம். உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரியா என்று தலைமை தாங்கியவர் காறித் துப்பிவிட்டுக் கிளம்பினார். முதலாளிமார் சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாஸ்டர் மாலையைப் பிய்த்து எறிந்தார். விஷயம் புரிந்ததும் பெரியம்மா என்னை ஒரு அறை அறைந்தாள். ஆனால் லொறியில் போகும்போது அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சாவுக்கு அழுதது அழுததுதான் என்று, இறங்கினவுடன் எல்லோரும் பீலியில் தலை முழுகிவிட்டே காம்பிராவுக்குப் போனார்கள். அப்பா மட்டும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மானம் போய்விட்டது என்று நினைத்தார். எந்த இடத்தில் போனது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை.

திங்கட்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அப்பா வரவில்லை. அம்மா காலைப் பெரட்டில் பேர் கொடுக்காமல் என்னோடு ரயிலேறினாள். தலைமையாசிரியர் அறையில் மாஸ்டர் நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாந்தி செய்திருக்கிறேன் என்றார்.

“உயிரோட இருக்கிற எனக்கு ஒப்பாரி வைச்சுப்போட்டியள். பிள்ளை என்ர காலில விழுந்து மன்னிப்புக் கேக்கோணும்.”

அம்மா கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். குரலையும் உயர்த்தவில்லை.

“விழச் சொன்னா விழுவா சேர், புள்ளதானே. ஆனா ஒண்ணு. எங்காளுங்க ஒருத்தருக்கு ஒருக்காத்தான் அழுவாங்க. ஒங்களுக்கு அழுதாச்சு. இனிமே நீங்க எங்க செத்தாலும் எங்ககிட்ட அழுக இல்லீங்க.”

மாஸ்டர் மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். நான் காலில் விழ வேண்டிய அவசியம் வரவில்லை. அடுத்த பள்ளிக்கூடத் தவணைக்கு அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் நீண்ட காலம் இருந்தார். கொழும்பில் பெரிய பெயர் எடுத்தார். போகிற இடமெல்லாம் என் குரலைத் தான் கண்டுபிடித்ததாகச் சொல்வாராம், சேற்றை ஒருநாளும் சொன்னதில்லையாம். அவர் காலமானபோது பழைய மாணவர்கள் கூட்டம் வைத்து, அந்த நிலாப் பாட்டை நான்தான் வந்து பாட வேண்டும் என்றார்கள். போனேன். போகாமல் இருப்பேனா? நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, விளக்கு என் முகத்தில் விழும்படி மேடையின் நடுவில் நின்று, முழுப் பாட்டையும் பாடினேன். முன் வரிசையில் துணிக்கடை முதலாளி மகள், நரைத்த சுருள் முடியோடு, பழைய பழக்கத்தில் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

சபையே அழுதது. முடிந்ததும் மாஸ்டரின் மனைவி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எல்லாரும் அழுகினம், நீங்கள் மட்டும் அழாமல் எப்படிப் பாடினீங்கள் என்று கேட்டார்.

“எங்க வீட்டுல அவருக்கு முன்னமே அழுதுட்டோம்மா” என்றேன்.

அந்த அம்மாள் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு என்னை இறுகக் கட்டிக்கொண்டார். நான் திருத்தவில்லை.